பத்து விரலும் ஒரு நாற்பது பக்க நோட்டும்



பாலிடெக்னிக் மாணவர் என்றால் யார்? அளந்து பழகியவர். லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைகிறோம் என்றால் ஒவ்வொரு கட்டுக்கும் இயந்திரத்தை நிறுத்தி வெர்னியரை வைத்துப் பார்க்கிறோம். சர்வே கேம்ப்புக்குப் போனால் ஒவ்வொரு ஸ்டாஃப் ரீடிங்கும் ஃபீல்டு புக்கில் ஏறுகிறது. மின்னியல் லேபில் அம்மீட்டர் காட்டுவதைக் குறிக்காமல் ஸ்விட்சை அணைக்க மாட்டோம். கான்கிரீட்டைக்கூட ‘நல்லாத்தான் இருக்கும்’ என்று விடுவதில்லை. கியூப் போட்டு, நாள் கணக்கு வைத்து, நசுக்கிப் பார்த்துத்தான் நம்புகிறோம்.

இவ்வளவையும் அளக்கிற நாம், மூன்று வருடமும் கூடவே வைத்திருக்கிற ஒரு கருவியை மட்டும் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அதுதான் நம் பத்து விரல்!

“டைப் அடிக்கிறதுல என்னப்பா இருக்கு? அது கிளார்க் வேலை. நாம டெக்னிக்கல் ஆளுங்க” என்று சொல்கிற நண்பர்கள் எல்லா டிபார்ட்மென்டிலும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். கணக்குக்குக் கோபம் வராது.

கணக்கு என்ன சொல்கிறது?

தட்டச்சு உலகில் ஸ்பேஸையும் சேர்த்து 5 ஸ்ட்ரோக் என்றால் ஒரு சொல். நிமிடத்துக்கு 10 சொல் அடிப்பவர் நிமிடத்துக்கு 50 ஸ்ட்ரோக் அடிக்கிறார். எழுத்து எழுத்தாகத் தேடி, ஆள்காட்டி விரலால் குத்துகிறவரின் வேகம் ஏறக்குறைய இதுதான். 30 சொல் அடிப்பவர் 150 ஸ்ட்ரோக் அடிக்கிறார்.

இப்போது 60 வரியில் ஒரு சி புரோகிராம். வரிக்கு 30 எழுத்து என்று வையுங்கள். மொத்தம் 1800 ஸ்ட்ரோக். முதலாமவருக்கு அடித்து முடிக்கவே 36 நிமிடம். இரண்டாமவருக்கு 12 நிமிடம். மிச்சம் 24 நிமிடம்! 3 மணி நேர பிராக்டிக்கல் தேர்வில் ஒரு செமிகோலனைத் தேடிக்கொண்டு வியர்த்து நிற்கும்போது அந்த 24 நிமிடத்தின் அருமை தெரியும்.

கடைசி ஆண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 40 பக்கம், பக்கத்துக்கு 1500 எழுத்து என்றால் 60,000 ஸ்ட்ரோக். ஒருவருக்கு 20 மணி நேரம். இன்னொருவருக்கு 6 மணி 40 நிமிடம். 20 மணி நேரம் யார் உட்காருவது என்றுதான் காலேஜ் வாசலில் உள்ள டி.டி.பி. சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்து வாங்குகிறோம். காசும் நம்முடையது, புராஜெக்டும் நம்முடையது. அதில் இருக்கிற எழுத்துப் பிழை மட்டும் அவருடையதாம்! வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்கும்போது அந்தச் சமாதானம் செல்லுமா?

நேரத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. கண் விசைப்பலகையில் ‘பி எங்கே, கியூ எங்கே’ என்று தேடும்போது, மனதில் இருந்த யோசனை நழுவிப்போகிறது. புரோகிராம் எழுதுகிறவருக்கு லாஜிக்கைப் பிடித்துவைக்க வேண்டிய மூளை, எழுத்தைத் தேடும் எடுபிடி வேலை பார்க்கிறது.

யார் கையில் கீபோர்டு?

இதுவரை சொன்னது நேரக் கணக்கு. இனி நியாயக் கணக்கு.

பல லேப்களில் ஒரு கணிப்பொறிக்கு இரண்டு பேர். சில இடங்களில் மூன்று பேர். முதல் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே ஒரு ஏற்பாடு தானாக நடந்துவிடுகிறது. வேகமாக அடிக்கத் தெரிந்தவர் கீபோர்டுக்கு நேரே உட்காருவார். மற்றவர் பக்கத்து ஸ்டூலில். “நீயே அடிடா, உனக்குத்தான் சீக்கிரம் வரும்.” “நீயே அடிச்சிடு அக்கா, டைம் ஆயிடுச்சு.” கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அவுட்புட் வருகிறது, சார் கையெழுத்துப் போடுகிறார், இருவர் ரெக்கார்டிலும் ஒரே மார்க்.

ஆனால் என்ன நடந்தது? பயிற்சி உள்ளவருக்கே மேலும் பயிற்சி சேர்ந்தது. பணம் பணத்தோடு சேரும் என்பார்கள், பழக்கமும் அப்படித்தான். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் பெரும்பாலும் யார்? வீட்டில் கணிப்பொறி இல்லாதவர். தமிழ் மீடியத்தில் படித்து, ஆங்கில எழுத்துகளை இத்தனை நேரம் தொடர்ந்து பார்த்தே இராதவர். ‘தப்பா அடிச்சா சிரிப்பாங்களோ’ என்று கை நீட்டத் தயங்குகிற தோழி. எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்லத் தேவையில்லை. நம் லேபுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சொல்லுங்கள்.

மூன்று வருடம் லேபில் இருந்தும் மூன்று மணி நேரம்கூடச் சொந்தமாக அடிக்காமல் டிப்ளமோ வாங்கிவிட முடியும். கேம்பஸ் இன்டர்வியூவில் கம்பெனிக்காரர் நேரம் குறித்து ஆன்லைன் டெஸ்ட் வைக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் இருக்காது. அன்றைக்குத் தெரியவருவதை இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டாமா?

பேக்ஸ்பேஸ் என்ற திரை

நம் ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. பத்தாவது லீவில் அக்கா, அண்ணன் எல்லாம் ‘லோயர் போறேன், ஹையர் போறேன்’ என்று சைக்கிளில் கிளம்புவார்கள். அந்த அரசுத் தேர்வை நடத்துவது யார் தெரியுமா? நம் பாலிடெக்னிக்குகளை நடத்துகிற அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான். ஆங்கில இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல். அதாவது 10 நிமிடத்தில் 1500 ஸ்ட்ரோக். முதுநிலைக்கு 45 சொல். ஒரே இயக்ககத்தின் பிள்ளைகள்தான் இருவரும். ஆனால் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்ற முதல் பாடம் அவர்களுக்கு மனப்பாடம். நமக்கு அது வேற்று மொழி.

அங்கே அவர்கள் தேறியதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. டைப்ரைட்டரில் அடித்த தப்பு தாளிலேயே நிற்கும். தாளை உருவி ஆசிரியரிடம் நீட்டினால் ஒவ்வொரு தப்பையும் சுழித்துக் கொடுப்பார். எந்த விரல் துரோகம் செய்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். கணிப்பொறியில்? பேக்ஸ்பேஸைத் தட்டினால் தப்பு போயே போச்சு! திரை சுத்தமாக இருக்கிறது. நூறு தடவை தடுக்கி விழுந்தவரும் தடுக்காமல் நடந்தவரும் கடைசியில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். தப்பை அழித்துவிட்டோம், ஆனால் தப்பு செய்யும் பழக்கத்தை அழிக்கவில்லை. அது விரலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கணிப்பொறி மறைப்பதை நாம் நோட்டில் குறிக்க வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அவ்வளவுதான்.

நோட்டை எப்படி எழுதுவது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, நிமிடம், ஸ்ட்ரோக், தப்பு, தடுக்கிய எழுத்து என்று ஐந்து கட்டங்கள்.

பத்து நிமிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடியுங்கள். அந்தப் பத்து நிமிடமும் பேக்ஸ்பேஸைத் தொடக் கூடாது. தப்பு விழுந்தால் விழட்டும், மேலே போங்கள். முடிந்ததும் வேர்டு கவுன்ட்டைத் திறந்தால் இடைவெளியோடு சேர்த்து எத்தனை எழுத்து என்று அதுவே சொல்லும். தப்புகளை நீங்களே எண்ணுங்கள். உதாரணத்துக்கு 640 ஸ்ட்ரோக், 22 தப்பு என்றால், 640ஐ 5ஆல் வகுத்து, அதைப் பத்து நிமிடத்தால் வகுத்தால் 12.8 சொல். தடுக்கியது பி, ஒய், செமிகோலன். முடிந்தது வேலை. மறுநாள் முதல் ஐந்து நிமிடம் அந்த மூன்று எழுத்து வரும் சொற்களையே அடித்துப் பழகிவிட்டு, பிறகு பத்து நிமிடம் அளந்து பாருங்கள்.

எதை அடிப்பது? அன்றைய பாடக் குறிப்பையே அடியுங்கள். விரலும் பழகும், பாடமும் ஒருமுறை ஓடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

இரண்டு விதிகள். முதலாவது, தப்பு குறைந்த பிறகுதான் வேகம். நூறு ஸ்ட்ரோக்குக்கு இரண்டு தப்புக்கு மேல் போனால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டாவது, கண் திரையில் அல்லது தாளில் இருக்க வேண்டும். எஃப் விசையிலும் ஜே விசையிலும் சிறிய மேடு இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களும் கண்ணில்லாமல் வீடு திரும்புவதற்கு. இது புதிய சங்கதியும் இல்லை. 1888இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த ஒரு போட்டியில், விசைகளைப் பார்க்காமல் அடித்த ஃபிராங்க் மெக்குரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் வென்றார். அதன் பிறகுதான் பார்க்காமல் அடிக்கும் முறைக்கு மவுசு வந்தது.

வாரக் கடைசியில் அந்த ஏழு வரிகளையும் ஒரு கிராஃப் ஷீட்டில் புள்ளி வையுங்கள். வேகத்துக்கு ஒரு கோடு, தப்புக்கு ஒரு கோடு. ஒரு கோடு ஏற, ஒரு கோடு இறங்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏறுகிற கோடு சில வாரங்களில் அப்படியே படுத்துவிடும். பலர் விட்டுவிட்டு ஓடுவது அந்த இடத்தில்தான். “எனக்கு இவ்வளவுதான் வரும்போல.” 1897இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தந்தி கற்பவர்களை வாராவாரம் அளந்து கிராஃப் போட்டார்கள். அதிலும் இதே போல் கோடு படுத்துக் கிடந்தது, பிறகு மீண்டும் எழுந்தது. தனித்தனி எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, முழுச் சொல்லாகக் கேட்கப் பழகும் காலம் அது என்று விளக்கம் சொன்னார்கள். ஆகவே கோடு படுத்தால் பயப்பட வேண்டாம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றார்கள் பெரியவர்கள். நாம் அடிப்பதோ கீபோர்டு!

இன்னொரு விஷயம், நமக்குள் இருக்கட்டும். ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கை ‘அட்ஜஸ்ட்’ செய்யும் கலை நம் எல்லோருக்கும் தெரியும். கிராஃபை முதலில் வரைந்துவிட்டு ரீடிங்கைப் பிறகு எழுதுகிற மேதைகளும் நம்மிடையே உண்டு. தயவுசெய்து இந்த நோட்டில் மட்டும் அது வேண்டாம். இதற்கு மார்க் கிடையாது, கையெழுத்துப் போட ஆளும் கிடையாது. பொய் எழுதினால் ஏமாறுவது ஒரே ஒருவர்தான்.

கேள்விகளும் பதில்களும்

“பத்து விரலும் கட்டாயமா? எங்க சீனியர் நாலு விரல்லயே பறக்குறாரே!” நியாயமான கேள்வி. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, தானாகக் கற்று ஆறேழு விரலில் அடிப்பவர்களிலும் முறையாகக் கற்றவர்களுக்கு இணையான வேகக்காரர்கள் உண்டு என்று காட்டியது. அவர்களின் ரகசியம், ஒரு எழுத்தை எப்போதும் ஒரே விரலால் அடிப்பது. ஆனாலும் முறையாகக் கற்றவர்களின் கண்தான் அதிக நேரம் திரையில் இருந்தது. அதே பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 2018இல் சுமார் 1,68,000 பேரின் 13.6 கோடித் தட்டல்களை ஆராய்ந்தன. சராசரி 52 சொல். வேகமாக அடித்தவர்களே தப்பும் குறைவாகச் செய்தார்கள். எனவே நாலு விரல் சீனியர் நாலு விரலிலேயே இருக்கட்டும். புதிதாகப் பழகுகிறவர் பத்திலேயே தொடங்கலாமே!

“போன்ல நான் சூப்பரா அடிப்பேன்.” அடியுங்கள், சந்தோஷம். 2019இல் 37,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில் போனில் சராசரி 36 சொல்தான். அதுவும் ஆட்டோகரெக்ட் கைகொடுத்து. சி புரோகிராமின் அடைப்புக்குறிக்கு எந்த ஆட்டோகரெக்ட் வரும்?

“ஏ.ஐ. எல்லாம் எழுதித் தருதே, இனிமே டைப்பிங் எதுக்கு?” அதற்கு நமக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது யார்? அது தந்ததில் இருக்கும் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது யார்? நம் விரல்தான். விரல் சோம்பினால், அது தந்ததை அப்படியே சமர்ப்பிக்கத்தான் மனம் வரும்.

“நான் மெக்கானிக்கல், எனக்கு எதுக்கு?” ஆட்டோகேடில் ஒவ்வொரு கோட்டுக்கும் மவுஸை மேலே கொண்டுபோய் ஐகானைத் தேடுகிறீர்களா? வலக்கை மவுஸில் இருக்க, இடக்கையால் எல் அடித்தால் கோடு, சி அடித்தால் வட்டம், டி ஆர் அடித்தால் டிரிம். இதையும் நோட்டில் சேர்க்கலாம். வாரத்துக்கு மூன்று குறுக்குவிசை. எல்லாருக்கும் பொதுவான முதல் பழக்கம் கன்ட்ரோல் எஸ். பத்து வரிக்கு ஒருமுறை சேமிக்கிற கைக்குக் கரண்ட் கட் ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் நம் தாய்மொழி. வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியே காலத்தை ஓட்டுகிறோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தரமாக்கியது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு; முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கிலம் 25 சொல்லைத் தொட்ட பிறகு இதையும் ஒரு கை பார்க்கலாம்.

கையையும் கண்ணையும் கவனியுங்கள். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பாருங்கள். வலித்தால் நிறுத்துங்கள், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

நோட்டு ஒவ்வொருவரின் சொந்த விஷயம். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டவோ, ரேங்க் போடவோ, யாரையும் கேலி செய்யவோ கூடாது. நேற்றைய நம்மோடு இன்றைய நாம் போட்டி போட்டால் போதும்.

ஆனால் கீபோர்டு பொது விஷயம். அதற்குச் சங்கம் குரல் கொடுக்க வேண்டும். மூன்றே கோரிக்கைகள்.

ஒன்று, ஒவ்வொரு லேப் வகுப்பிலும் அரை மணிக்கு ஒருமுறை ஸ்டூலும் நாற்காலியும் இடம் மாற வேண்டும். யார் எவ்வளவு நேரம் அடித்தார் என்பதை அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு, வாரத்தில் இரண்டு நாளாவது வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் லேப் திறந்திருக்க வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்களுக்கு முதல் இடம். மூன்று, லோயர் பாஸ் செய்த தோழர், தோழியர் நம்மிடையே இருக்கிறார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் இரண்டு வாரம் விரல் வைக்கும் முறையை அவர்கள் சொல்லித்தரட்டும். இதற்குப் பட்ஜெட் வேண்டாம், மேலிடத்து உத்தரவும் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

ஒரு செமஸ்டரில் 80 நாள், நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 800 நிமிடம். அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற நேரம்! அந்தச் செலவில், பக்கத்து ஸ்டூலில் இருக்கும் ஒரு தோழி நாற்காலிக்கு வந்துவிடுவார் என்றால், இந்தச் சங்கம் இந்த ஆண்டு செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

நோட்டு வாங்கிவிட்டீர்களா? முதல் வரியை இன்றைக்கே எழுதுங்கள். எண் சிறியதாக இருக்கும், பரவாயில்லை. எந்த ரீடிங்கும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.